சட்டப் புத்தகங்களுக்குப் பின்வரிசை

என் வயதுக்காரர்களே, என் பழக்கங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிடும்போது வாசிப்பேன். புத்தகத்தில் குழம்பு படும். பக்கத்தின் மூலையை மடிப்பேன். கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பேன். ஆள் இல்லாத நேரத்தில் உரத்து வாசிப்பேன், கதாபாத்திரத்துக்கு ஏற்றபடி குரலையும் மாற்றுவேன். பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் திருத்தப் பார்க்கிறார்கள். எழுபத்தைந்து வயதில் நான் திருந்தப் போவதில்லை. உங்களில் பலரும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மறைக்கிறீர்கள், நான் மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

வாசிப்பு ஒரு சாதுவான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். என் கன்னத்தில் விழுந்த ஒரே அறை வாசித்ததற்காக விழுந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கிறீச்சிடும் ஓசை கேட்கும் தூரத்தில், ஒரு குறுகிய சந்தில், ஒழுங்கை என்போம், குடியிருந்தோம்.

இரண்டாம் உலக யுத்த காலம். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைச் சாப்பாட்டு நேரத்தில், துறைமுகத்தில் குண்டு விழுந்தது. எங்கள் வீட்டு ஓடுகள் பல் நடுங்குவதுபோல் நடுங்கின. அடுத்த இரண்டு கிழமைக்குள் ஒழுங்கை காலியாகிவிட்டது. பெட்டி படுக்கையோடு எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறினார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டி, கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. எங்களால் போக முடியவில்லை. ஐயாவுக்குத் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலை, லீவு கிடையாது. அம்மாவுக்கு ஏழு மாதம். இரவு முழுக்க ரயிலில் குலுங்கக் கூடாது என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு மாமியும் போகவில்லை, அவர் கணவரும் ஐயாவின் கந்தோர்தான். நூறு பேர் கதைத்துத் திரிந்த ஒழுங்கையில் நாங்களும் மாமியும் ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவும் காகங்களும் மிஞ்சினோம்.

எனக்கு அந்தத் தனிமை பயமாக இருக்கவில்லை. பசியாக இருந்தது. வாசிக்க ஒன்றுமில்லாத பசி. எங்கள் வீட்டில் பஞ்சாங்கம், தேவாரப் புத்தகம், ஐயாவின் ஆங்கில அகராதி, என் பள்ளிப் புத்தகங்கள் நாலு. கதைப் புத்தகம் வீட்டுக்குள் வரக்கூடாது. கதைப் புத்தகம் வாசிக்கிற பெட்டைகள் குடும்பத்துக்கு உதவமாட்டார்கள் என்பது ஐயாவின் முடிவு. எங்கே கண்டுபிடித்தார் என்று தெரியாது. ஆகவே நான் கடலைச் சுருள் வாசித்தேன். நானா பழைய பத்திரிகைகளைக் கிழித்துத்தான் கடலை சுற்றுவார். கடலையைத் தம்பி தங்கையோடு பகிர வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. தாளையும் ஒருவரோடும் பகிரவில்லை. ஒருநாள் ஒரு தாளில் ஒரு பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் கதை அறுந்துவிட்டது. கடைக்கு ஓடினேன்.

"நானா, இதின்ர மற்றத் தாள் இருக்கா?"

"அதுல நேத்தே சீனி சுத்திக் குடுத்திட்டன் மகள். கடல வாங்க வந்தா சரி, கதைக்கு மிச்சம் கேட்டு வந்தா நான் எங்க போற?"

அந்தப் பெண் கிணற்றுக்குள் என்ன கண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீடு ஒரு பிரக்கிராசியாருடையது. நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். கறுப்புக் கோட்டும் குடையுமாக நடந்தால் ஒழுங்கையே ஒதுங்கி வழிவிடும். அவருடைய மனைவிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கலாம். பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கணவருக்கு இரண்டடி பின்னால் கோயிலுக்கு நடந்து போவார். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. "அது ஒரு வாயில்லாப் பூச்சி" என்று அம்மா பரிதாபப்படுவா. ஊருக்குப் போகும்போது பிரக்கிராசியார் வீட்டுத் திறப்பை ஐயாவிடம் கொடுத்தார். காலையில் யன்னல் திறக்க, கூட்ட, மல்லிகைச் சாடிகளுக்குத் தண்ணீர் விட, சாமிப் படத்துக்குப் பூ வைக்க ஒரு ஆள் வேண்டும். அம்மாவால் குனிய முடியாது. அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் நாலு நாள் ஒழுங்காகக் கூட்டினேன். ஐந்தாம் நாள், முன்னறையில் இருந்த கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன். திறப்பு அதிலேயே தொங்கியது. உள்ளே சட்டப் புத்தகங்கள். செங்கல் நிறத் தோல் அட்டை, முதுகில் பொன் எழுத்து. ஒன்றை இழுத்தேன், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அது விட்ட இடைவெளிக்குள் பார்த்தால், பின்னால் சுவர் இல்லை. இன்னொரு வரிசை.

தமிழ்! எல்லாம் தமிழ்க் கதைப் புத்தகங்கள். மட்டமான தாள், மெல்லிய அட்டை, பூச்சி உருண்டை மணம். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. இன்னும் சில, பத்திரிகைகளில் கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கதைகளைக் கத்தரித்து அடுக்கி, சேலைக் கரை நூலால் தைத்தவை. தையல் அவ்வளவு நெருக்கம், அவ்வளவு நேர். ஒரு தொடரின் நடுவில் வெறும் தாள் ஒன்றையும் சேர்த்துத் தைத்திருந்தது. அதில் பென்சிலால் பொடி எழுத்து: "இந்தக் கிழமை வரவில்லை. கப்பல் தாமதம்." முந்திய கிழமை அரண்மனையில் இருந்த கதாநாயகி அடுத்த கிழமை சிறையில் இருந்தாள். இடையில் என்ன நடந்தது என்று நான் மூன்று விதமாகக் கற்பனை செய்து வைத்தேன். மூன்றும் அந்த ஆசிரியர் எழுதியிருக்கக்கூடியதைவிட நல்லவை என்று இப்போதும் நம்புகிறேன்.

வீட்டு யன்னல் கண்ணாடிகளில் இருட்டடிப்புக்காகக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. யன்னலை அகலத் திறந்தால் மாமியின் கண்ணில் படும். ஆனால் நடு அறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதனால் விழும் சதுர வெயில் எட்டு மணிக்கு மேற்குச் சுவரில் ஏறி நிற்கும். பிறகு இறங்கி நிலத்தில் மெல்ல ஊர்ந்து, பதினொரு மணிக்குச் சாமி அறை வாசலுக்குப் போகும். நான் வயிற்றில் படுத்து, புத்தகத்தை அந்தச் சதுரத்துக்குள் பிடித்து, அது நகர நகர நானும் நகருவேன். சிமெந்துத் தரையின் குளிர் முழங்கையில் ஏறும். சட்டைப் பையில் உப்புப் புளி. வாசல்படியை வெயில் தொட்டால் எழும்பி, ஓடி ஓடிக் கூட்டுவேன். நான் அந்தக் காலத்தில் கூட்டியது போல வேகமாக ஒருவரும் வீடு கூட்டியிருக்க மாட்டார்கள்.

அந்தப் புத்தகங்களில் அச்சிட்ட கதையைவிட எனக்குப் பிடித்தது ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்து. அதே பொடி எழுத்து. கதாநாயகி உலை வைத்த ஐந்து நிமிடத்தில் விருந்தாளிக்குச் சோறு போடுகிற இடத்தில்: "எந்த ஊரில் ஐந்து நிமிடத்தில் அரிசி வேகும்? இவர் அடுப்படிக்குப் போனதே இல்லை." வீரன் ஒருவன் இரண்டு பக்கத்துக்குத் தன் வீரத்தைப் பற்றியே பேசுகிற இடத்தில்: "எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்." படித்துவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தேன். பக்கத்து வீட்டு வாயில்லாப் பூச்சிக்கு இத்தனை வாய்!

இன்னொரு புத்தகத்தில் கதாநாயகி கணவன் வீட்டில் மூன்று அதிகாரங்களுக்குத் தொடர்ந்து அழுதாள். அங்கே எழுதியிருந்தது: "இவள் ஏன் அழுகிறாள்? கதவு திறந்துதானே கிடக்கிறது. எழும்பிப் போகலாமே." எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிப் பையிலிருந்து என் பென்சிலை எடுத்து, ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, அதற்குக் கீழே "ஓம்" என்று எழுதினேன்.

அதன் பிறகு கை நிற்கவில்லை. அவர் கேட்ட இடமெல்லாம் பதில் எழுதினேன். "இவன் பொய் சொல்கிறானா?" என்றால் "பொய்தான், 80ஆம் பக்கம் பாருங்கோ" என்று எழுதினேன். யாரோடும் கதைக்க முடியாத அந்த நாலு மாதம் நான் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். உரத்தும் வாசித்தேன். ராணிக்கு மெல்லிய குரல், கிழவிக்கு நடுங்கும் குரல், தளபதிக்குத் தாடையை நெஞ்சில் புதைத்து அடித்தொண்டைக் குரல். வெறும் வீடு என் தளபதியை வாங்கி எதிரொலித்தது. எனக்கே பயம் வரும்.

ஆனியில் தம்பி பிறந்தான். ஆவணியில் சனங்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பிரக்கிராசியாரும் மனைவியும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, திறப்பு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு மாமியும் வந்துவிட்டா. இந்த நாளுக்காகவே காத்திருந்திருக்கிறா.

"பிரக்கிராசியார், நான் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைக் குறை சொல்லுவியள். உங்கட வீட்டுக்குள்ள ஆம்பிளைக் குரல் கேட்டது. ஒருநாள் இல்லை, பல நாள். இந்தப் பிள்ளை உள்ளுக்கை இருக்கேக்கைதான்."

அம்மாவின் கையிலிருந்த தம்பி அழுதான். ஐயாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பிரக்கிராசியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் நீதிமன்றத்தில் நிற்பது போலவே நிமிர்ந்தார்.

"ஆர் அந்த ஆள்?"

"ஆளில்லை. அது நான்தான்."

"நீயோ? ஆம்பிளைக் குரலிலயோ?"

"ஓம். கதை வாசிச்சனான்."

"எங்கை, அந்தக் குரலைக் காட்டு பாப்பம்."

நான் காட்டினேன். தாடையைப் புதைத்து, மூச்சை இழுத்து, தளபதி ஆற்றங்கரையில் ராணியை மறிக்கிற கட்டத்தைச் சொன்னேன். "பெண்ணே, நில்! இந்த ஆற்றைத் தாண்டினால் உனக்கு நாடும் இல்லை, வீடும் இல்லை!" நன்றாகத்தான் வந்தது.

"இதுதான்! இதே குரல்தான்!" என்று மாமி எழும்பிவிட்டா.

நான் தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். பிரக்கிராசியாருக்கு வேறு சந்தேகம் வந்தது.

"இது கூத்துக்காரன் பேசுற பேச்செல்லோ. ஆர் உனக்குச் சொல்லித் தந்தவன்? ஆர் அந்த வீட்டுக்கு வந்தவன்?"

"ஒருத்தரும் வரேல்லை. புத்தகத்தில இருந்தது."

"எந்தப் புத்தகத்தில? என்ர அலுமாரியில சட்டப் புத்தகம் மட்டும்தான் இருக்கு. என்ர வீட்டில கதைப் புத்தகம் கிடையாது."

அவர் மனைவி கணவருக்குப் பின்னால் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, தலைகூட அசைக்கவில்லை. ஆனால் பின்வரிசையைப் பற்றிக் கணவருக்குத் தெரியாது என்பதை அந்த நிமிடம்தான் விளங்கிக்கொண்டேன். வாசிப்பதற்காக ஒளிக்க வேண்டியவள் நான் மட்டும் இல்லை.

"சொல்லு, எந்தப் புத்தகம்?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஐயா கேக்கிறன், சொல்லு பிள்ளை."

சொல்லவில்லை. ஐயாவின் அறை விழுந்தது. காதுக்குள் கோயில் மணி அடித்தது. எல்லோருக்கும் முன்னால் அழக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிரக்கிராசியாரின் மனைவி கதிரையை விட்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு கணவரோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் திறந்தாலும் நான் போவதில்லை. ஊருக்குப் போகிற தெரிந்தவர்கள் யாரோடாவது என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, ஐயாவின் அக்காவுடைய வீட்டில் விடுவது. மாமியார் வீடு போகிற வரை அங்கேயே இருப்பது. எட்டு நாள் என்னைப் படலை தாண்ட விடவில்லை. தம்பிக்கு வாங்கிய வயிற்றுவலி மருந்துப் போத்தலின் லேபிளை முப்பது தடவை வாசித்தேன். அதைத் தடை செய்ய ஐயாவுக்குத் தோன்றவில்லை.

ஐயாவைப் பற்றி இப்போது எனக்குச் சில விஷயங்கள் விளங்குகின்றன. தெரு முழுக்கச் சிப்பாய்கள், வெறிச்சோடிய ஒழுங்கை, ஒற்றை மகள். நாலு மாதமாக அவரே என்னைத் தனியாக அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தபோது அவர் நடுங்கியிருப்பார். அந்த நடுக்கம்தான் கையாக வந்து விழுந்தது. விளங்குகிறது. விளங்கியதால் அந்த அறை சரியாகிவிடாது. என் வயதுக்காரர்கள் எதையும் மன்னித்துவிட்டுத்தான் நினைவு எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதற்கு நான் கட்டுப்பட்டவள் இல்லை.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி, நல்ல வெயில். ஐயா முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பிரக்கிராசியாரின் மனைவி தன் வீட்டுப் படலையைத் திறந்து தனியாக வெளியே வந்தார். நெஞ்சோடு அணைத்தபடி ஐந்தாறு புத்தகங்கள். பையில் போடவில்லை, சேலைத் தலைப்பால் மூடவில்லை. எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்து நின்றா. பின்னால் பிரக்கிராசியாரின் குரல் கேட்டது.

"எங்கை போறாய்? உள்ளுக்கை வா!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே எங்கள் படலைக்குள் வந்து, புத்தகங்களை ஐயாவின் பேப்பருக்கு மேலேயே வைத்தார்.

"அண்ணை, உங்கட மகள் வாசிச்சது என்ர புத்தகங்கள். அலுமாரியில பின்னுக்கு இருந்தது."

ஐயா பேப்பரோடு புத்தகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"நீங்கள் பிள்ளையில இரக்கப்பட்டுச் சொல்லுறியள், தங்கச்சி."

"இரக்கம் இல்லை அண்ணை. இதைப் பாருங்கோ." ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்தார். "மேல இருக்கிறது என்ர எழுத்து. கீழ இருக்கிறது ஆரின்ர எழுத்தெண்டு நீங்களே சொல்லுங்கோ."

ஐயா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இவள் ஏன் அழுகிறாள், எழும்பிப் போகலாமே. அதற்குக் கீழே ஓம். என் ஓகாரத்தின் வால் எப்போதும் கோட்டுக்குக் கீழே நீண்டு தொங்கும். அதற்காக அவரிடம் விரல் முட்டியில் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். அவர் வேறு யாரையும் கேட்கத் தேவையில்லை. பக்கங்களைத் தட்டினார். ஓம். இல்லை. பொய்தான். ஓம். ஒவ்வொரு ஓமிலும் வால்.

"முந்தநாள்தான் எடுத்துப் பாத்தனான். நான் கேட்டதுக்கு ஒரு ஆள் மறுமொழி எழுதி வைச்சிருக்கு. கலியாணம் கட்டி ஆறு வருஷத்தில ஒருதரும் எனக்கு மறுமொழி சொன்னதில்லை அண்ணை." அவர் குரல் மெல்லியதுதான், ஆனால் ஒழுங்கைக்கே கேட்டது. "அண்டைக்கு நான் வாய் திறந்திருக்க வேணும். பயத்தில நிண்டிட்டன். இந்தப் பிள்ளை எனக்காக அடி வாங்கினது. பிழை என்னில."

ஐயா புத்தகத்தை மூடினார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் செய்வதுபோல, மிச்சமிருந்த ஒன்றைப் பிடித்தார்.

"எண்டாலும் மற்றவையின்ர அலுமாரியைத் திறந்தது பிழைதானே. பிள்ளை, இவவிட்டை மன்னிப்புக் கேள்."

"கேக்க மாட்டன்" என்றேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. ஐயாவின் கை கதிரைப் பிடியில் இறுகியது. அந்த நேரம் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, யாருக்கும் பொதுவாக, "நிண்டு கொண்டிருக்கிறா. இருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி போடுறன்" என்றா. அதோடு வழக்கு முடிந்தது. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் வழக்கை எப்போது மூடவேண்டும் என்று தெரியும்.

பிரக்கிராசியார் ஒரு மாதம் மனைவியோடு கதைக்கவில்லை. "ஒரு மாதம் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாசிச்சன்" என்று அவர் பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்தார். அலுமாரியையும் மாற்றி அடுக்கினார். கதைப் புத்தகங்கள் முன்வரிசைக்கு வந்தன, சட்டம் பின்னால் போனது. வழக்குக்காரர் வந்து முன்னறையில் காத்திருக்கும்போது கண்ணாடிக்குள் அவைதான் தெரியும். பிரக்கிராசியார் இரண்டு தடவை திருப்பி அடுக்கினாராம். இவர் மூன்று தடவை திருப்பி அடுக்கினாராம்.

அதற்குப் பிறகு அவர் ஒளித்து வாசிக்கவே இல்லை. பின்னேரங்களில் தன் விறாந்தையில் ஒழுங்கையைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு உட்காருவார். நான் படியில் உட்காருவேன். அவர் கையில் ஒன்று, என் கையில் ஒன்று. எதிர்வீட்டு மாமி போகும்போதும் வரும்போதும் தொண்டையைச் செருமுவா. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். நான் புளியை உறிஞ்சுவேன்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற பேச்சை ஐயா திரும்ப எடுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் இல்லை என்றுவிடுவாரோ என்று நானும் கேட்கவில்லை. இப்படி ஐப்பசி வந்துவிட்டது. ஒரு பின்னேரம் மழை விட்டு, ஓடுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. படியில் இருந்து நான் வாசித்த கதையில் தம்பியைக் கொன்றவன் யாரென்று அண்ணனுக்குத் தெரிய வருகிற இடம். ஐயா கந்தோரிலிருந்து வந்தவர் வீட்டுக்குப் போகாமல் பிரக்கிராசியார் வீட்டுப் படலையடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா."

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. பள்ளிக்கூடத்தை வேறொரு கட்டடத்தில் திறக்கிறார்கள், அடுத்த திங்கள் பிள்ளையை அனுப்பவும் என்று அதில் எழுதியிருந்ததும், அவர் ஏற்கெனவே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது அவர் குரலும், என் பக்கமும் மட்டும்தான்.

"இந்தப் பக்கம் முடியட்டும் ஐயா" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

எனக்குப் பின்னால், கதிரையில், பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. ஐயா படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. திரும்பியும் போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, செருப்பில் சேறோடு, அப்படியே நின்றார்.

நான் மூன்று பக்கம் வாசித்துவிட்டுத்தான் எழும்பினேன்.